தஞ்சாவூர் அரண்மனைச் சொத்து வழக்குகள்

தஞ்சாவூர் அரண்மனைச் சொத்து வழக்குகள் என்பன, தஞ்சாவூரின் கடைசி மராட்டிய மன்னரான இரண்டாம் சிவாஜி 1855ஆம் ஆண்டில் ஆண் வாரிசின்றி இறந்தபின், அவருடைய சொத்துகள் யாரைச் சேரும் என்பது குறித்து நடைபெற்ற வழக்குகள் ஆகும். இவ்வழக்குகள் 1856இல் தொடங்கி 1924 வரை வெவ்வேறு வடிவங்களில் நடந்தன. இவற்றுள் முதல் வழக்கு இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. அதில் 1859இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, "அரசுச் செயல்" என்னும் சட்டக் கோட்பாட்டை விளக்கும் முன்னோடித் தீர்ப்பாகச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படுகிறது.

மன்னரின் மூத்த மனைவி இவ்வழக்கில் தோற்றார். ஆயினும் மூன்று ஆண்டுகள் கழித்து அரசே ஓர் ஆணை மூலம் நிலச் சொத்துகளைக் குடும்பத்திற்குத் திரும்ப அளித்தது. அந்த ஆணையில் இருந்த சில சொற்றொடர்களின் பொருள் குறித்தே அடுத்த அறுபது ஆண்டுகள் குடும்பத்தினரும் உறவினரும் வழக்காடினர். ஒரு சொத்து வழக்கில் எந்த நீதிமன்றத்தில், எந்த உரிமையின் பேரில், எந்த ஆவணத்தை வைத்து வாதாடுவது என்பது எவ்வளவு முதன்மையானது என்பதற்கு இவ்வழக்குகள் எடுத்துக்காட்டாக உள்ளன.

பின்னணி

தஞ்சாவூர் மராட்டிய அரசு, சத்ரபதி சிவாஜியின் தம்பியான வெங்கோஜியால் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிறுவப்பட்டது. 1799ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இரண்டாம் சரபோஜி கிழக்கிந்தியக் கம்பெனியுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி நாட்டின் ஆட்சிப் பொறுப்பு கம்பெனியிடம் சென்றது. மன்னருக்கு ஆண்டுதோறும் ஒரு இலட்சம் நட்சத்திர வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் வழங்கப்படும் என முடிவாயிற்று. தஞ்சைக் கோட்டையும் அரண்மனையும் மன்னரிடமே இருந்தன.

இவ்வாறு 1799க்குப் பின் தஞ்சை மன்னர் பெயரளவிலேயே மன்னராக இருந்தார். காவிரிப் பாசனப் பகுதியில் வரி தண்டுவதும், நீதி வழங்குவதும், படை வைத்திருப்பதும் கம்பெனியே. எனினும் மன்னருக்குத் தனிப்பட்ட சொத்துகள் பல இருந்தன. நிலங்கள், நகைகள், அரண்மனைப் பொருட்கள், சரசுவதி மகால் நூலகத்தின் சுவடிகள் முதலியன அவற்றுள் அடங்கும்.

சரபோஜியின் மகனான இரண்டாம் சிவாஜி 1832 முதல் அரசராக இருந்தார். அவர் அக்டோபர் 29, 1855 அன்று இறந்தார். அவருக்கு மனைவியர் பலரும் மகளும் இருந்தனர். ஆண் வாரிசு இல்லை. அப்போது ஆளுநர் நாயகமாக இருந்தவர் டல்ஹவுசி பிரபு. ஆண் வாரிசில்லாத அரசுகளைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும் வாரிசு இழப்புக் கொள்கை நடைமுறையில் இருந்த காலம் அது. அதே அக்டோபர் மாதத்தில் ஆற்காடு நவாபும் வாரிசின்றி இறந்தார். அவருடைய நவாபு பட்டமும் அத்துடன் முடிவுக்கு வந்ததாகக் கம்பெனி கொண்டது.

சொத்துப் பறிமுதல்

தஞ்சாவூர் மன்னர் பதவி முடிவுற்றது என்று இலண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர் குழு 1856ஆம் ஆண்டு முடிவு செய்தது. அதன் தொடர்ச்சியாக 1856 அக்டோபரில் ஃபோர்ப்ஸ் என்னும் அதிகாரி, படை வீரர்களின் துணையுடன் அரண்மனைக்குள் சென்று சொத்துகளைக் கைப்பற்றினார். பொருட்கள் இருந்த அறைகளுக்கு முத்திரை வைக்கப்பட்டுக் காவல் போடப்பட்டது.

இங்கே இரண்டு வெவ்வேறு கேள்விகள் இருந்தன.

1. மன்னர் பதவியும் அதைச் சார்ந்த அரசுச் சொத்துகளும் யாரைச் சேரும்?
2. மன்னர் தனி மனிதராக வைத்திருந்த சொத்துகள் யாரைச் சேரும்?

முதற்கேள்வி அரசியல் சார்ந்தது. இரண்டாவது கேள்வி இந்து வாரிசுரிமைச் சட்டம் சார்ந்தது. அக்காலச் சட்டப்படி மகன் இல்லாதவருடைய தனிச் சொத்து அவருடைய மனைவியருக்குச் சேரும். ஃபோர்ப்ஸ் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் கைப்பற்றினார். வழக்கு முழுவதும் இந்த வேறுபாட்டைச் சுற்றியே அமைந்தது.

சென்னை உச்ச நீதிமன்ற வழக்கு

மன்னரின் மூத்த மனைவியான காமாட்சி பாய் சாகேப், 1856 நவம்பரில் சென்னை உச்ச நீதிமன்றத்தில் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தார். (இன்றைய சென்னை உயர் நீதிமன்றம் 1862 ஆகஸ்டில் தொடங்குவதற்கு முன் இருந்த நீதிமன்றம் இது.) அவர் சார்பில் சென்னையின் புகழ்பெற்ற பாரிஸ்டரான ஜான் புரூஸ் நார்ட்டன் வாதாடினார். நார்ட்டன், கம்பெனி ஆட்சியின் நீதி முறையையும் நாடு பிடிக்கும் கொள்கையையும் நூல்களில் வெளிப்படையாகக் குறை கூறியவர். பின்னாளில் அவர் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாகவும் பணியாற்றினார்.

வழக்கைத் தொடுத்த முறை கவனிக்கத்தக்கது. சென்னை உச்ச நீதிமன்றத்தில் பொதுச் சட்டப் பிரிவு, ஈக்விட்டி எனப்படும் நேர்மைநெறிப் பிரிவு என்பன தனித்தனியே இருந்தன. பொதுச் சட்டப் பிரிவில் பெரும்பாலும் இழப்பீட்டுத் தொகை மட்டுமே கேட்க இயலும். நேர்மைநெறிப் பிரிவில், பிறர் சொத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் கணக்குக் கேட்கலாம். சொத்தை விற்காமல் இருக்கத் தடையாணை கேட்கலாம். சொத்தையே திரும்பக் கேட்கலாம். காமாட்சி பாயின் வழக்கு இந்த இரண்டாவது பிரிவில் தொடுக்கப்பட்டது. மன்னர் பதவியை அவர் கோரவில்லை. ஓர் இந்துக் கைம்பெண் தன் கணவரின் தனிச் சொத்தைக் கேட்கும் சாதாரண வாரிசுரிமை வழக்காகவே அது முன்வைக்கப்பட்டது.

கம்பெனியின் வாதம் வேறு. கம்பெனி இங்கே ஒரு வணிக நிறுவனமாகச் செயற்படவில்லை. பிரித்தானிய அரசின் சார்பில், வேறோர் அரசின் மீது இறையாண்மை அதிகாரத்தைச் செலுத்தியது. ஆகவே எந்த நீதிமன்றமும் இதை விசாரிக்க இயலாது என்று அது வாதிட்டது.

சென்னை உச்ச நீதிமன்றம் காமாட்சி பாயின் பக்கம் தீர்ப்பளித்தது. கம்பெனி இதை எதிர்த்து பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தது.

பிரிவி கவுன்சில் தீர்ப்பு (1859)

மேல்முறையீடு விசாரணைக்கு வருவதற்குள் 1857 கிளர்ச்சி நடந்து முடிந்திருந்தது. 1858ஆம் ஆண்டுச் சட்டத்தால் கம்பெனியின் ஆட்சி முடிவுற்று, இந்தியா பிரித்தானிய அரசியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. இதனால் வழக்கில் கம்பெனியின் இடத்தில் இந்தியாவுக்கான அரசுச் செயலர் மேல்முறையீட்டாளராக ஆனார். சட்ட நூல்களில் இவ்வழக்கு "இந்திய அரசுச் செயலர் எதிர் காமாச்சி பாயி சாகிபா" என்னும் பெயரில் வழங்குகிறது.

இலண்டனில் காமாட்சி பாயின் சார்பில் வாதாடியவர் சர் ரிச்சர்டு பெத்தல். அவர் அப்போது இங்கிலாந்தின் அட்டர்னி ஜெனரல், அதாவது அரசின் தலைமை வழக்கறிஞர். ஆயினும் இவ்வழக்கில் அவர் அரசுக்கு எதிர்த்தரப்பில், தம் பதவியின் சார்பில் அல்லாமல், தனி வழக்கறிஞராக நின்றார். பறிமுதல் ஒரு வன்முறையான, நியாயப்படுத்த முடியாத செயல் என்று அவர் கண்டித்ததைத் தீர்ப்பே பதிவு செய்துள்ளது.

1859 ஜூலையில் கிங்சுடவுன் பிரபு தீர்ப்பை வழங்கினார். அதன் சாரம் பின்வருமாறு:

* மன்னர் இறந்தபோது அவருடைய அரசின் மீதோ சொத்தின் மீதோ கம்பெனிக்குச் சட்ட உரிமை இருந்ததாக ஆவணங்களில் காண்பது மிகக் கடினம்.
* ஆனால் கம்பெனி சட்ட உரிமையின் பேரில் சொத்தை எடுக்கவில்லை. இறையாண்மை அதிகாரத்தால் எடுத்தது. தனிச் சொத்து, அரசுச் சொத்து என்று பிரிக்காமல் முழுவதையும் எடுப்பதே அதன் நோக்கமாக இருந்தது.
* இது ஓர் அரசுச் செயல். அது நியாயமானதா அநியாயமானதா என்று ஆராயும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு இல்லை. தவறு நடந்திருந்தாலும் அதற்கு உள்நாட்டு நீதிமன்றம் எதுவும் தீர்வு அளிக்க இயலாது.

இவ்வாறு கூறி, சென்னை உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு மாற்றப்பட்டது. காமாட்சி பாயின் வழக்கு தள்ளுபடியானது.

இத்தீர்ப்பில் ஒரு முரண்பாடு உண்டு. 1799 முதல் தஞ்சை மன்னருக்கு நாடு இல்லை. கோட்டை மதிலுக்குள் மட்டுமே அவருடைய அதிகாரம் இருந்தது. ஆயினும் அவர் பெயரளவில் தனியரசர் என்பதால், அவருடைய சொத்தைக் கைப்பற்றியது இரண்டு அரசுகளுக்கு இடையிலான விவகாரமாகக் கொள்ளப்பட்டது. அவர் கம்பெனியின் குடிமகனாக, ஒரு சாதாரண மிராசுதாராக இருந்திருந்தால், இதே சொத்தை அவருடைய மனைவி நீதிமன்றத்தின் வழியே மீட்டிருக்க இயலும். மன்னர் என்ற பட்டமே அவருடைய குடும்பத்திற்குச் சட்டத்தின் கதவை அடைத்தது.

1862ஆம் ஆண்டு அரசாணை

நீதிமன்றத்தில் வழியில்லை என்றான பின், அரசின் கருணையை வேண்டுவதே எஞ்சிய வழி. அரசுக்குச் சட்ட உரிமை இருந்ததாகத் தெரியவில்லை என்று தீர்ப்பிலேயே கூறப்பட்டிருந்தது. 1862 ஆகஸ்டில் சென்னை அரசு, இந்திய அரசின் ஒப்புதலுடன், தஞ்சை அரண்மனையின் நிலச் சொத்துகளை மறைந்த மன்னரின் வாரிசுகளுக்கு விட்டுக்கொடுத்து ஆணையிட்டது. காவிரிக் கழிமுகத்தில் நன்செய் நிலம் நிலையான நெல் வருவாய் தருவது. ஆகவே இது சிறிய விட்டுக்கொடுப்பு அன்று.

ஆணையின் விதிகள் சுருக்கமாக:

1. சொத்து மூத்த மனைவியிடம் ஒப்படைக்கப்படும். நிர்வாகமும் கட்டுப்பாடும் அவருடையது.
2. உடன் வாரிசுகளாகிய பிற மனைவியரும் சொத்தின் பயனைத் துய்க்கத் தக்க ஏற்பாடு செய்வது அவருடைய கடமை.
3. மனைவியருள் கடைசியானவர் இறந்தபின் சொத்து மன்னரின் மகளைச் சேரும்.
4. மகள் இல்லாதவிடத்து, மறைந்த மன்னரின் அடுத்த வாரிசுகள் இருப்பின் அவர்களைச் சேரும்.

நான்கும் எளிய விதிகள் போலத் தோன்றினும், ஒவ்வொன்றிலும் விடையளிக்கப்படாத கேள்விகள் இருந்தன. "தக்க ஏற்பாடு" என்றால் எவ்வளவு? மூத்தவர் உரிமையாளரா, நிர்வாகி மட்டுமா? மூத்தவர் இறந்தால் நிர்வாகம் யாருக்கு? "அடுத்த வாரிசுகள்" யார்? இவற்றை ஆணை தெளிவுபடுத்தவில்லை.

மனைவியரிடையே வழக்கு (1868)

முதற்சிக்கல் முதல் இரண்டு விதிகளைப் பற்றியே எழுந்தது. ஜிஜோயியம்பா பாய் முதலிய பிற மனைவியருக்கும் காமாட்சி பாய்க்கும் இடையிலான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 1868இல் தீர்த்தது. மனைவியர் பலர் இருக்குமிடத்து அவர்கள் கூட்டாக ஒரே உரிமையைப் பெறுகின்றனர். ஒருவர் இறந்தால் அவருடைய பங்கு எஞ்சியோரைச் சேரும். நிர்வாகம் மூத்தவரிடம் இருப்பினும் பயன் அனைவருக்கும் உரியது என்பன இவ்வழக்கோடு தொடர்புடைய கோட்பாடுகள். பல மனைவியரின் வாரிசுரிமை குறித்த பிற்கால வழக்குகளிலும் இத்தீர்ப்பு மேற்கோளாகக் காட்டப்பட்டது.

"அடுத்த வாரிசு" வழக்கு (1924)

கடைசி மனைவி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்தபின், நான்காவது விதியின் பொருள் குறித்த பெருவழக்கு எழுந்தது. மன்னர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேலான நிலையில் அவருடைய "அடுத்த வாரிசு" யார் என்று கண்டறிய வேண்டியதாயிற்று. உரிமை கோரியவர்கள் பல தரப்பினர்:

* கோலாப்பூர் மகாராஜா. இவர் சத்ரபதி சிவாஜியின் வழியினர். வெங்கோஜியும் சிவாஜியும் உடன்பிறந்தோர் ஆதலால், தந்தை வழி உறவினர் என்ற முறையில் உரிமை கோரினார்.
* மூத்த மனைவி தத்தெடுத்த மகனின் வழியினர்.
* மன்னர் "கத்தி கல்யாணம்" என்னும் முறையில் மணந்த பெண்களின் வழியினர். இம்முறையில் மணமகனின் இடத்தில் அவருடைய வாள் வைக்கப்பட்டுச் சடங்கு நடைபெறும்.

கத்தி கல்யாணத்தில் பிறந்தோருக்கு உரிமை உண்டா என்பது எதிர்பாராத ஒரு கேள்வியில் போய் நின்றது. அக்கால இந்துச் சட்டப்படி, முறையான திருமணத்தில் பிறவாத மகனுக்குத் தந்தை சூத்திரராக இருந்தால் மட்டுமே சொத்தில் உரிமை உண்டு; மேல் மூன்று வருணத்தவராக இருந்தால் பராமரிப்புச் செலவு மட்டுமே கிடைக்கும். ஆகவே தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரியரா, சூத்திரரா என்பதை நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

சென்னை உயர் நீதிமன்றம் 1924 ஜனவரியில் தீர்ப்பளித்தது. நீதிபதி குமாரசுவாமி சாஸ்திரி போன்சலே குடும்பத்தின் வரலாறு, சடங்குகள், சாத்திர நூல்கள் ஆகியவற்றை மிக விரிவாக ஆராய்ந்து எழுதினார். தஞ்சை அரச குடும்பத்தினர் சட்டத்தின் நோக்கில் சூத்திரர் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. "கோலாப்பூர் மகாராஜா எதிர் சுந்தரம் ஐயர்" என்னும் இவ்வழக்கு, சொத்துரிமையைத் தாண்டி, மராட்டியரின் சமூக நிலை பற்றிய வரலாற்று விவாதங்களிலும் எடுத்தாளப்படுகிறது.

ஓர் அரசாணையில் வாரிசுகளின் பெயர்களையோ, வாரிசை முடிவு செய்யும் முறையையோ எழுதாமல் விட்டதன் விளைவாக, ஒரு குடும்பத்தின் வருணம் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது.

அறக்கட்டளைகள்

அரண்மனையோடு தொடர்புடைய சில சொத்துகள் பங்கு பிரிக்கப்படாமல் பொதுப் பயனுக்கு உரியனவாக நிலைபெற்றன. இவற்றுள் முதன்மையானது சரசுவதி மகால் நூலகம். சென்னை அரசின் ஏற்பாட்டில் ஏ. சி. பர்னல் இங்குள்ள சமசுகிருதச் சுவடிகளை ஆராய்ந்து 1880இல் அட்டவணை வெளியிட்டார். 1918ஆம் ஆண்டு அரச குடும்பத்தினர் நூலகத்தைப் பராமரிப்பு நிதியுடன் பொதுமக்களுக்கு அளித்தனர். 1890ஆம் ஆண்டு அறக்கொடைச் சட்டத்தின் கீழ் அது ஒரு பொது நிறுவனமாக அமைக்கப்பட்டது. வாரிசுகளிடையே பிரிக்கப்பட்டிருந்தால் சுவடிகள் சிதறிப் போயிருக்கும். அறக்கொடையாக மாறியதால் அவை ஒரே இடத்தில் நிலைத்தன.

கோயில்களிலும் இத்தகைய ஏற்பாடு உள்ளது. தஞ்சைப் பெரிய கோயில் உட்பட அரண்மனை தேவஸ்தானத்தைச் சேர்ந்த 88 கோயில்களுக்கு அரச குடும்பத்தின் மூத்தவர் பரம்பரை அறங்காவலராக உள்ளார். அறங்காவலர் என்பவர் உரிமையாளர் அல்லர். சொத்து கோயிலுக்கு உரியது. அவர் அதைக் காத்து நடத்தும் பொறுப்புடையவர் மட்டுமே.

வழக்கறிஞரின் பங்கு

சொத்து வழக்கில் வழக்கறிஞரை அமர்த்துவோர் பொதுவாக அவருடைய வாதத் திறமையையே பார்ப்பர். காமாட்சி பாய்க்கு அக்காலத்தில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வழக்கறிஞர்கள் கிடைத்தனர். ஆயினும் வழக்கு தோற்றது. வாதம் வலுவற்று இருந்ததால் அது தோற்கவில்லை. விசாரிக்க நீதிமன்றத்திற்கு அதிகார வரம்பு இல்லை என்று கூறப்பட்டதால் தோற்றது. ஆகவே இத்தகைய வழக்குகளில் முதலில் தெளிவுபெற வேண்டிய கேள்விகள் வருமாறு:

* எதிர்த்தரப்பு எந்தத் தகுதியில் சொத்தை வைத்துள்ளது? உரிமையாளராகவா, நிர்வாகியாகவா, அறங்காவலராகவா, அரசாகவா?
* அதை விசாரிக்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்திற்கு உண்டு?
* கேட்கப்படும் தீர்வு என்ன? பங்கா, கணக்கா, தடையாணையா, நிர்வாகமா?
* உரிமைக்கு ஆதாரமான ஆவணத்தின் ஒவ்வொரு சொல்லும் எதைக் குறிக்கிறது? எந்தச் சூழலைப் பற்றி அது பேசவில்லை?
* நீதிமன்றம் அல்லாமல் விண்ணப்பம், சமரசம் போன்ற வழிகள் உண்டா?

பிற்காலச் சட்ட நிலை

இவ்வழக்குகளை உருவாக்கிய சட்டங்கள் பல இன்று மாறிவிட்டன. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வருண வேறுபாட்டை நீக்கியது. மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகளாயினர். பெண்கள் பெறும் சொத்து வாழ்நாள் உரிமையாக இல்லாமல் முழு உரிமையாயிற்று. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான உரிமையைத் தமிழ்நாடு 1989இலும், நடுவண் அரசு 2005இலும் வழங்கின. செல்லாத் திருமணத்தில் பிறந்த குழந்தைகளும் பெற்றோரின் சொத்தில் உரிமை பெறுகின்றனர்.

அரசுச் செயல் என்னும் வாதத்தை ஓர் அரசு தன் குடிமக்களுக்கு எதிராக எழுப்ப முடியாது. சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கலாகாது என்பது இந்திய அரசியலமைப்பின் 300அ பிரிவு. மேலும் 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்கள் தம் வருமானம் எதுவாயினும் இலவசமாக வழக்கறிஞரின் உதவியைப் பெறலாம். தஞ்சாவூர் மாவட்டத்தினர் மாவட்ட நீதிமன்றத்தில் இயங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இதற்கு விண்ணப்பிக்கலாம். மாவட்டத்தின் உயர் நீதிமன்ற வழக்குகள் 2004 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் விசாரிக்கப்படுகின்றன.

காலவரிசை

* 1799 - இரண்டாம் சரபோஜி கம்பெனியுடன் உடன்படிக்கை
* 1855 - இரண்டாம் சிவாஜி மறைவு
* 1856 - சொத்துப் பறிமுதல். காமாட்சி பாய் வழக்குத் தொடுத்தல்
* 1859 - பிரிவி கவுன்சில் தீர்ப்பு
* 1862 - நிலச் சொத்துகளை விட்டுக்கொடுக்கும் அரசாணை
* 1868 - மனைவியரிடையிலான வழக்கில் தீர்ப்பு
* 1918 - சரசுவதி மகால் நூலகம் பொது நிறுவனமாதல்
* 1924 - "அடுத்த வாரிசு" வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு